பலா மரமும் பழமும்: மதுரைப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊமச்சிக்குளத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் இரண்டு பலா நிற்கின்றன. மூன்று வைத்தேன், ஒன்று போய்விட்டது. அந்தக் கதை கீழே வரும். சித்திரைத் திருவிழா நெருங்கி, காய் திரண்டு தண்டில் தொங்க ஆரம்பித்தால் ஆட்கள் வருவார்கள். பக்கத்து வீட்டு மதினி வருவார், நத்தம் பக்கம் நிலம் வாங்கிப் போட்டவர் வருவார், மாடியில் டிரம்மில் பலா வைக்கலாமா என்று கேட்கும் தம்பி வருவார். வருடா வருடம் அதே கேள்விகள். சரி, எழுதியே வைத்துவிடுவோம் என்று உட்கார்ந்தேன். நான் விவசாயம் படித்தவன் இல்லை. மரம் வைத்து, தப்பு செய்து, கேட்டுத் தெரிந்துகொண்டவன்.

பலா நம்ம ஊர் மரமா?

மலைக்குச் சொந்தம், சமவெளிக்கு விருந்தாளி. மேற்குத் தொடர்ச்சி மலையின் பசுமைமாறாக் காடுகள்தான் அதற்குப் பிறந்த வீடு. அந்த மாதிரிக் காடு எப்படி இருக்கும் என்று பார்க்க நாம் வெகுதூரம் போக வேண்டாம், தேனி வழியாக மேகமலை ஏறினால் போதும். வெயில் தரையில் விழாது, மண் எப்போதும் ஈரம், ஆனால் சரிவு என்பதால் தண்ணீர் நிற்காது. இந்த மூன்றையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கீழே இருக்கும் பாதிக் கேள்விகளுக்குப் பதில் இதிலேயே இருக்கிறது.

மலைப் பலா நமக்குப் பழைய சொந்தம்தான். சிங்கம்புணரிக்குப் பக்கத்தில் இருக்கும் பிரான்மலையைத்தான் பாரியின் பறம்பு மலை என்கிறார்கள். உழவர் உழாமலே அந்த மலை தரும் நான்கு பொருள்கள் என்று கபிலர் சொல்வது மூங்கில் அரிசி, பலாப்பழம், வள்ளிக்கிழங்கு, தேன். உழாமலே, தண்ணீர் ஊற்றாமலே என்பதைக் கவனியுங்கள். அது மலை. மதுரையில் வருடத்துக்குச் சராசரியாக 850 மில்லிமீட்டர் அளவுக்குத்தான் மழை. மழைக்காடு என்றால் 2000-க்கு மேல் பெய்யும். இங்கே நாம் ஊற்றித்தான் ஆக வேண்டும்.

இடம் பிடித்துவிட்டால் இந்த மரம் எப்படிப் பரவும் என்பதற்கு பிரேசில் சாட்சி. ரியோ டி ஜெனீரோ நகரத்தை ஒட்டிய திஜூகா காட்டுக்குள் பலா புகுந்து, அங்குள்ள மரங்களை நெருக்கி, இப்போது அதைக் களையாக நினைத்து அழிக்கிறார்கள். நாம் இங்கே ஒரு கன்றைப் பிழைக்க வைக்கப் படும் பாட்டை அவர்களிடம் சொன்னால் சிரிப்பார்கள்.

மதுரை வெயிலில் வளருமா?

வளரும். வெயில் பெரிய எதிரி இல்லை. முதல் இரண்டு கோடையைத் தாண்டும் வரை தென்னங்கீற்றால் நிழல் கட்டி, அடியில் சருகு பரப்பி, வாரம் ஒரு முறையாவது நன்றாகத் தண்ணீர் விட்டால் கன்று நின்றுவிடும். சிலர் பக்கத்தில் வாழையோ அகத்தியோ வைத்து நிழல் கொடுப்பார்கள். காட்டில் பெரிய மரத்தின் அடியில் முளைத்து வளர்வதைத்தான் நாம் இப்படிக் கீற்று கட்டி நடிக்கிறோம்.

கெடுப்பது தேங்கும் தண்ணீர்தான். அழகர்கோவில், நத்தம் பக்கத்துச் செம்மண் சரிவில் பலா சிரித்துக்கொண்டு வரும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் மழைக்காலத்தில் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும், அங்கே கஷ்டம். மேலூர் பக்கம் நெல் வயலை ஒட்டி வைத்தால், வயலில் தண்ணீர் கட்டும் மாதங்களில் வேர் மூச்சுத் திணறும்.

என் மூன்றாவது மரம் போனது இப்படித்தான். நான்கு வயதுக் கன்று, கொல்லையின் தாழ்ந்த மூலையில் நின்றது. ஒரு ஐப்பசி மழையில் அங்கே ஒரு வாரம் தண்ணீர் நின்றது. இலை தொங்கியது. இலை தொங்கினால் தாகம் என்றுதானே நினைப்போம்? மழை விட்டதும் மெனக்கெட்டு இரண்டு குடம் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தபோது வேர் கறுத்து, பட்டை கையோடு உரிந்து வந்தது, அழுகல் நாற்றம். தண்ணீரில் மூழ்கிச் சாகிறவனுக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறேன்.

உப்புத் தண்ணீர் போர் இருப்பவர்களும் யோசியுங்கள். இலை நுனியும் ஓரமும் காய்ந்து பொரிந்தால் பெரும்பாலும் அதுதான் காரணம்.

மாடியில் டிரம்மில் வைக்கலாமா?

செடி வளரும், காய்கூட ஒன்றிரண்டு வரலாம். ஆனால் ஆழமாக இறங்கும் ஆணிவேர் உள்ள மரத்தை டிரம்முக்குள் வைப்பதில் எனக்கு உடன்பாடு இல்லை. அந்த டிரம்மில் எலுமிச்சை வையுங்கள்.

விதைக் கன்று வாங்குவதா, ஒட்டுக் கன்றா?

சீக்கிரம் காய் வேண்டும், பழம் இப்படித்தான் இருக்க வேண்டும் என்றால் ஒட்டு. மூன்று நான்கு வருடத்தில் காய்க்கத் தொடங்கும். விதைக் கன்று ஏழெட்டு வருடம் எடுக்கும், தாய் மரத்தின் பழம்போலவே வரும் என்றும் சொல்ல முடியாது. கடலூர் மாவட்டம் பாலூர் ஆராய்ச்சி நிலையம் தந்த பாலூர் 1, பாலூர் 2, கன்னியாகுமரி மாவட்டத்துப் பேச்சிப்பாறை 1 ஆகியவை நம் தமிழ்நாட்டு ரகங்கள். இப்போது எல்லோரும் கேட்பது வியட்நாம் சூப்பர் எர்லி. சீக்கிரம் காய்க்கும் என்பது உண்மை. அதற்காக வைத்த முதல் வருடமே குட்டிச் செடியில் தொங்கும் காயை விட்டுவைக்காதீர்கள், கிள்ளிவிடுங்கள். இல்லாவிட்டால் செடி காயைச் சுமப்பதிலேயே தேய்ந்துவிடும்.

ஒட்டு வாங்குகிறவர்கள் ஒட்டுப் போட்ட இடத்தைத் தடவிப் பாருங்கள். நான் ஒரு நாற்றுப் பண்ணையில் ஒட்டு என்று நம்பி வாங்கி வந்த கன்றில், ஒட்டிய குச்சி எப்போதோ காய்ந்து, கீழே இருந்த விதைச்செடி துளிர்த்து வளர்ந்திருந்தது. இலை காட்டிக் கொடுத்தது. பலாவின் இளங்கன்றில் இலை பெரும்பாலும் இரண்டு மூன்று மடலாகப் பிரிந்திருக்கும். வயது வந்த மரத்து இலை பிரிவில்லாமல், வழவழப்பாக, முட்டை வடிவில் இருக்கும். ஒட்டுக்குக் கீழிருந்து கிளம்பும் துளிரை அவ்வப்போது ஒடித்துவிட வேண்டும். கொஞ்சம் அசந்தால் அதுவே மரமாகிவிடும்.

போன வருடம் சாப்பிட்ட பழத்தின் கொட்டையைக் காயவைத்து எடுத்து வைத்தேன். முளைக்கவே இல்லையே?

முளைக்காது. புளியங்கொட்டையை டப்பாவில் போட்டு வைத்து, மழை வரும்போது ஊன்றலாம். வறண்ட நாட்டு மரம், அதன் விதைக்குக் காத்திருக்கத் தெரியும். மழைக்காட்டில் காத்திருக்க வேண்டிய தேவையே இல்லை. விழுந்த இடத்தில் ஈரம் இருக்கிறது, உடனே முளைக்க வேண்டியதுதான். அதனால் பலாக்கொட்டை காய்ந்தால் செத்துப்போகும். பழம் வெட்டிய சூட்டோடு வழவழப்புப் போகக் கழுவி, சில நாளிலேயே ஊன்றுங்கள். முடிந்தால் மரம் நிற்கப்போகும் இடத்திலேயே ஊன்றுங்கள். பையில் நாள்பட வைத்தால் ஆணிவேர் சுருண்டுகொள்ளும், அப்புறம் காற்றுக்கு நிற்காது.

காற்று என்றதும் நினைவுக்கு வருகிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்தபோது புதுக்கோட்டை மாவட்டத்தில் ஆலங்குடி, வடகாடு, கீரமங்கலம் பக்கம் பெரிய பெரிய பலா மரங்கள் வேரோடு சாய்ந்தன. 2011 டிசம்பரில் தானே புயலில் பண்ருட்டிக்கும் அதே கதி. நமக்குக் கடல் தூரம், அந்த அளவுக்குப் பயம் இல்லை.

பிஞ்செல்லாம் கறுத்து உதிர்கிறது. என்ன மருந்து அடிக்கலாம்?

என்னிடம் அதிகம் கேட்கப்படுவது இதுதான். பாதிப் பேருக்கு என் பதில்: ஒன்றும் அடிக்க வேண்டாம், அது பிஞ்சே இல்லை.

ஒரே பலா மரத்தில் ஆண் பூவும் பெண் பூவும் தனித்தனியாக வரும். இரண்டும் விரல் பருமனில், பச்சையாக, குட்டிப் பலாக்காய் போலவே இருக்கும். ஏமாறாமல் என்ன செய்வது? மார்கழி, தை மாதத்தில் காலையில் மரத்தடிக்குப் போய்ப் பாருங்கள். முதலில் வருவது ஆண். மெல்லிய காம்பு, பெரும்பாலும் சிறு கிளையின் நுனிப் பக்கம், தோல் சற்று வழுவழு. சில நாளில் அதன் மேல் மஞ்சள் பொடி பூத்தாற்போல் இருக்கும். விரலால் தொட்டால் ஒட்டும். மகரந்தம். அத்தோடு அதன் வேலை முடிந்தது. மேலே பஞ்சு மாதிரிப் பூசணம் படர்ந்து, கறுத்து, பொத்தென்று விழும். பெண் பூ தடித்த காம்பில், தண்டிலிருந்தோ பெருங்கிளையிலிருந்தோ நேராக வரும். தடவினால் சொரசொரவென்று, நுண்ணிய முள்முனைகள் விரலில் படும். அதுதான் பழமாகும்.

எங்கள் மரத்தில் முதல் வருடம் இப்படி உதிர்ந்ததைப் பார்த்து அப்பத்தா யார் கண்ணோ பட்டுவிட்டது என்று மிளகாய் சுற்றிப் போட்டார். அடுத்த மாதம் தண்டில் ஏழு காய் வந்தது. மிளகாய்க்குத்தான் பெயர் கிடைத்தது.

பெண் பிஞ்சே கறுத்தால் அது வேறு. மழையோ பனியோ தொடர்ந்து, கிளை அடர்ந்து, காற்று நுழையாமல் இருந்தால் அதே பூசணம் பிஞ்சுக்கும் தாவும். விழுந்த ஆண் பூக்களைக் கூட்டி அப்புறப்படுத்துங்கள், காய்ந்த குச்சிகளை வெட்டிக் காற்றும் வெளிச்சமும் வர விடுங்கள். ஒரே காம்பில் இரண்டு மூன்று காய் ஒட்டிக்கொண்டிருந்தால் ஒன்றை விட்டு மற்றதைக் கறிக்கு எடுத்துவிடுங்கள். ஒட்டிய இடுக்கில்தான் புழு துளைக்கும். காயைச் சாக்கில் கட்டிவைப்பதும் உதவும்.

ஏன் தண்டிலும் வேரிலும் காய்க்கிறது?

இருபது கிலோவை நுனிக்கிளை எப்படித் தாங்கும்? மரத்தில் காய்ப்பதிலேயே மிகப் பெரிய பழம் இதுதான். 2016-இல் புனேயில் நிறுத்துப் பார்த்த ஒன்று 42.72 கிலோ இருந்து உலக சாதனையானது. தண்டில் காய்த்தால் எடையும் தாங்கும், கீழே நடமாடும் பெரிய மிருகங்களுக்கும் எட்டும். அவை தின்று கொட்டையைத் தூரத்தில் போட்டுவிட்டுப் போகும். கொக்கோ உட்பட மழைக்காட்டு மரங்கள் பலவற்றுக்கு இந்தப் பழக்கம் உண்டு. மரத்துக்கு வயது ஏற ஏறக் காய்ப்பு கீழே இறங்கி, சிலவற்றில் மண்ணை ஒட்டி வேர்ப்பக்கமே காய்க்கும். அதைத்தான் வேர்ப்பலா என்கிறோம். அதற்கு ருசி கூடுதல் என்று ஊரே சொல்கிறது. நான் சாப்பிட்ட இரண்டில் ஒன்று அமிர்தம், இன்னொன்று சப்பென்று இருந்தது.

காய் ஒரு பக்கம் வீங்கி, ஒரு பக்கம் ஒடுங்கி இருக்கிறதே?

பலாப்பழம் ஒரு பழம் இல்லை, ஒரு கூட்டம். நூற்றுக்கணக்கான பெண் பூக்கள் நெருக்கமாக அமர்ந்திருக்கும். மேலே தெரியும் ஒவ்வொரு முள்ளும் ஒவ்வொரு பூவின் தலை. மகரந்தம் கிடைத்த பூ சுளையாகும். கிடைக்காத பூ, சுளைகளுக்கு நடுவே நாராக நிற்கும். ஒரு பக்கம் மகரந்தம் படாவிட்டால் அந்தப் பக்கம் வெறும் நார், அதனால் ஒடுக்கம். கடையில் முழுப் பழம் வாங்கும்போது கோணல் பழத்தை ஒதுக்குங்கள். எடைக்குக் காசு கொடுத்து நாரை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டியிருக்கும். சொந்த மரத்தில் இது அடிக்கடி வந்தால், மஞ்சள் பொடி பூத்த ஆண் பூவைப் பறித்து, பெண் பூவின் மேல் சுற்றிலும் தேய்த்துவிடுங்கள். இரண்டு நிமிட வேலை.

முற்றிவிட்டது என்று எப்படித் தெரியும்?

மூக்கை மட்டும் நம்பாதீர்கள். வாசம் தெருவுக்கு வந்துவிட்டால் பழுத்தேவிட்டது, அணில் முந்திக்கொண்டிருக்கும். முள்ளைப் பாருங்கள். இளங்காயில் முள் நெருக்கமாக, கூராக இருக்கும். முற்றினால் ஒன்றுக்கொன்று விலகி மழுங்கும், பச்சை மங்கி மஞ்சள் ஏறும். காம்பை ஒட்டிய இலை பழுக்கும். தட்டினால் இளங்காய் கல் மாதிரிக் கணீர் என்கும். முற்றியது பொத்தென்று அடங்கிய சத்தம் கொடுக்கும். காம்போடு வெட்டி, கீழே போடாமல் சாக்கில் இறக்கி, சாக்கைச் சுற்றி ஒரு மூலையில் வைத்தால் சில நாளில் பழுத்துவிடும். கார்பைடுக் கல் வேண்டவே வேண்டாம். அது சட்டப்படியே தடை.

மதுரையில் விற்கும் பழம் எங்கிருந்து வருகிறது? வருக்கையா என்று எப்படிக் கேட்பது?

பண்ருட்டி, புதுக்கோட்டைப் பக்கம், கேரளா. கொஞ்சம் சிறுமலையிலிருந்தும் வரும். மாட்டுத்தாவணி மார்க்கெட்டில் முழுப் பழம், சிம்மக்கல், யானைக்கல் பக்கம் தள்ளுவண்டியில் சுளை. வருக்கை என்றால் சுளை கெட்டியாக, கடித்தால் நறுக்கென்று இருக்கும். கூழைச் சுளை குழைந்து தொண்டையில் வழுக்கும். தள்ளுவண்டியில் பெரும்பாலும் வருக்கைதான், கூழையைப் பிரித்து அடுக்க முடியாது. கூழையை மட்டமாக நினைக்க வேண்டாம், கருப்பட்டி போட்டுக் கிண்டினால் அதுதான் திரளும்.

நாகர்கோவில்காரர்கள் பழத்தையே சக்கை என்பார்கள். ‘ரெண்டு சக்கை வாங்கிட்டு வாங்க’ என்று எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவர் சொல்ல, தின்று முடித்த மிச்சத்தை யார் காசு கொடுத்து வாங்குவார் என்று அப்பத்தா முழித்தார். மலையாளத்துச் சக்கைதான் போர்ச்சுக்கீசியர் வாயில் ஜாக்கா ஆகி, ஆங்கிலத்தில் ஜாக் ஆனது.

கையில் பால் ஒட்டாமல் வெட்டுவது எப்படி?

அந்தப் பால் பிசின், தண்ணீருக்குக் கரையாது. சோப்புப் போட்டுத் தேய்த்தால் இன்னும் பரவும். எண்ணெய்க்குத்தான் அடங்கும். தரையில் பழைய பேப்பர் விரித்து, அரிவாள், உள்ளங்கை, விரலிடுக்கு எல்லாம் நல்லெண்ணெய் தடவிக்கொள்ளுங்கள். நீளவாட்டில் பிளந்தால் நடுத்தண்டிலிருந்து வெள்ளையாக முத்து முத்தாகப் பால் வரும். உடனே சுளையைப் பிடுங்காமல், கசங்கிய பேப்பராலோ வைக்கோலாலோ அதைத் துடைத்துவிட்டு, நடுத்தண்டைச் சீவி எடுத்துவிடுங்கள். அப்புறம் தோலைப் பின்னால் மடக்கினால் சுளைகள் தாமாக எழுந்து நிற்கும். அரிவாளில் ஒட்டிய பிசினை லேசாக அனலில் காட்டி, பேப்பரால் வழித்துவிடலாம்.

சர்க்கரை இருக்கிறவர்கள் சாப்பிடலாமா?

100 கிராம் பழச்சுளையில் ஏறக்குறைய 95 கலோரி, 23 கிராம் மாவுச்சத்து, அதில் பெரும்பங்கு சர்க்கரை. ஒன்றிரண்டு சுளையோடு நிறுத்த முடிந்தால் சரி. எங்கள் வீட்டில் யாராலும் முடிந்ததில்லை. பிஞ்சுப் பலா, அதாவது பலாமூசு, பொரியலாகச் சாப்பிட்டால் இனிப்பு ஏறாது. பழத்தில் பொட்டாசியம் நிறைய, 100 கிராமுக்கு 450 மில்லிகிராம் பக்கம். சிறுநீரகக் கோளாறு இருப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொட வேண்டாம்.

கொட்டையை என்ன செய்யலாம்?

தூக்கி எறிகிற வீடுகளைப் பார்த்தால் எனக்குக் கோபம் வரும். வேகவைத்து மேல்தோலை உரித்தால் முருங்கைக்காய் சாம்பாருக்கும் கருவாட்டுக் குழம்புக்கும் அதைவிட நல்ல துணை இல்லை. அடுப்புத் தணலில் சுட்டால் மாலை டீக்கு ஆகும். பச்சையாகத் தின்னக் கூடாது. புரதம் செரிப்பதைத் தடுக்கும் பொருள் அதில் இருக்கிறது, வெந்தால் போய்விடும்.

சீமைப்பலா, அயனிப்பலா, துரியன் எல்லாம் இதுதானா?

முதல் இரண்டும் பலாவின் பங்காளிகள். சீமைப்பலா காயாகவே கறிக்கு. அயனி மேற்குத் தொடர்ச்சி மலைக்கு மட்டுமே சொந்தமான நெடுமரம், பழம் சின்னது. துரியன் சொந்தமே இல்லை, முள்ளைப் பார்த்து ஏமாந்துவிடுகிறோம். பலா முள்ளை உள்ளங்கையால் அழுத்தலாம். துரியனை அழுத்திப் பார்த்தால் இரத்தம் வரும்.

மலையடிவாரத்தில் தோப்பு. பலா வைத்தால் யானை வருமா?

சிறுமலைப் பக்கம் யானை இல்லை, காட்டுமாடுதான். கொடைக்கானல் கீழ்மலையில் என்றால் யோசியுங்கள். பழுத்த வாசம் யானைக்கு வெகுதூரம் போகும், வேலி எதுவும் நிற்காது. அங்கே மரத்தில் பழுக்க விடாமல் காயாகவே இறக்கிவிடுவது நல்லது. தோலையும் சக்கையையும் வீட்டோரம் கொட்டாதீர்கள்.

மரம் முப்பது வருடமாக நிற்கிறது, காய்ப்பு குறைந்துவிட்டது. வெட்டிவிடலாமா?

உங்கள் மரம், உங்கள் இஷ்டம். முதலில் நடுவில் அடைத்துக்கொண்டிருக்கும் கிளைகளைக் கழித்து, தண்டில் வெயில் பட விட்டு ஒரு பருவம் பாருங்கள். கட்டாயம் வெட்டத்தான் வேண்டும் என்றால் விறகுக்கடைக்குப் போடாதீர்கள். தவில், மிருதங்கம், வீணை மூன்றுக்கும் பலாக்கட்டைதான். மஞ்சளாக இருக்கும் வயிரக்கட்டை நாளாக நாளாகச் சிவந்து கறுக்கும். அந்தச் சீவலை வேகவைத்து எடுத்த மஞ்சளில்தான் பர்மா பக்கத்துப் புத்த பிக்குகள் துவராடைக்குச் சாயம் ஏற்றினார்கள். தவில் செய்கிறவரிடம் ஒரு வார்த்தை சொன்னால் வந்து தட்டிப் பார்த்துவிட்டு விலை சொல்வார்.

கூப்பிட்டால் வந்து பழம் வெட்டித் தருவீர்களா?

வருவேன். பேப்பரும் நல்லெண்ணெயும் உங்களுடையது, கொட்டை என்னுடையது.